இருபத்தாறாவது மெஷின்

இங்க யாரும் வர்றாங்களாக்கா? இல்லையா? அப்பக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிக்கங்க. பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு நின்னுக்கிட்டே வந்தா திருமங்கலம் போறதுக்குள்ள கசங்கிக் கந்தலாயிரும். இந்தப் பை இருக்கட்டும், மடியிலயே வச்சுக்கிறேன். உள்ள செவுத்துக் கடிகாரம். ஒரு கல்யாண வரவேற்புக்குப் போறேன். எங்கூட வேலை பாத்த பிள்ளைக்குக் கல்யாணம். பிள்ளைன்னா பிள்ளைதான், என் வயசுல பாதிதான் இருக்கும். என்னமோ, போறேன்.

ஆமா, பஸ் கெளம்புறதுக்கு முன்னாடி போன்ல பேசுனீங்கள்ல, வைகாசி ஒம்போது வெள்ளிக்கிழமைன்னு? மகளுக்கா? ஒட்டுக்கேக்கலக்கா, பின்னாடியே நின்னேனா, காதுல விழுந்துச்சு. பத்திரிகை அடிக்கத்தான் சிவகாசிக்கு வந்தீங்களா? ஓ, இன்னைக்கு மாடல் மட்டும் பாத்தீங்க, நாளைக்குத் தேதி, மண்டபம் எல்லாம் போன்ல சொன்னா அடிச்சிருவாங்க. நல்லது. நல்லதுதான். எதுக்குக் கேட்டேன்னா... இருங்க, அதுக்கு அப்புறம் வர்றேன். மொதல்ல இதக் கேளுங்க. இது தெரிஞ்சாத்தான் அது புரியும்.

என் பேரு சண்முகக்கனி. கனியக்கான்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. சிவகாசியில ஒரு காலண்டர் கம்பெனியில கம்ப்யூட்டர் பாத்துக்கிற வேலை. டைப் அடிக்கிற வேலை இல்லக்கா, எங்க மாமியார் இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் ஊருக்குள்ள சொல்லிக்கிட்டுத் திரியுது. அங்க இருக்கிற அம்புட்டுக் கம்ப்யூட்டரும் ஓடணும், ஒன்னோட ஒன்னு பேசணும், நின்னு போனா ஓட வைக்கணும். பதினெட்டு வருசம். சிஸ்டம் மேடம்னா வாட்ச்மேன்ல இருந்து மொதலாளி வரைக்கும் நான் ஒருத்திதான். மொதலாளிய நாங்க அண்ணாச்சின்னுதான் சொல்லுவோம். தங்கமான மனுசன், சாப்ட்வேருக்குக் காசு கேட்டா மட்டும் மொகம் சுண்டிப் போயிரும். அதனால படம் போடுற நாலு மெஷினத் தவிர மத்த இருபத்தாறுலயும் லினக்ஸ்தான். அது சும்மா கெடைக்கும். சும்மா கெடைக்கிறத ஓட வைக்க யாராச்சும் மண்டைய ஒடைக்கணும்ல? அது நானு.

காலண்டர் சீசன் தெரியும்ல ஒங்களுக்கு? ஆடிப்பெருக்கு அன்னைக்கு அடுத்த வருசத்து மாடல் காலண்டர் ஆல்பம் வெளியிடுவாங்க. அங்க பிடிச்சா மார்கழி முடிய மூச்சு விட நேரம் இருக்காது. ஆர்டர் எடுக்கிறது முன்னாடி ரூம்ல. பஞ்சாங்கம் பாத்துச் சரி பண்ற புரூப் ரூம் மாடியில. பிளேட் ரூம் பின்கட்டுல, அங்கதான் தேதித்தாளை அலுமினியத் தகட்டுல ஏத்துவாங்க, தகட்டுல ஏறுனது அப்படியே அச்சாயிரும், அதுக்கப்புறம் அழிக்க முடியாது. பிரஸ்ஸு ரோட்டுக்கு அந்தப் பக்கம். மாடியில ஒருத்தர் "நிப்பாட்டு, தப்பு இருக்கு"ன்னு கத்துனா கீழ யாருக்குக் கேக்கும்? போன் அடிச்சாலும் எடுக்க மாட்டாங்க, கையெல்லாம் மை.

அதுக்குத்தான் குருவி. குருவின்னா சாட் புரோகிராம். கம்ப்யூட்டர்லயே ஆளுக்கு ஆள் பேசிக்கலாம். மெசேஜ் வந்தா திரையில பெருசா வந்து நிக்கும், "பாத்தேன்"னு ஒரு தட்டு தட்டுனாத்தான் போகும். இப்படி ஒன்னு இருக்கு, போடுவோம்னு அண்ணாச்சிகிட்டப் போய்ச் சொன்னது யாரு? நான். அத நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. குருவியக் கொண்டு வந்தது நானு.

போட்டதும் நான்தான். நம்ம போன்ல தட்டுற மாதிரி இல்லக்கா அது. கருப்பா ஒரு திரை வரும். மௌஸுக்கு அங்க வேலையே இல்ல. ஒவ்வொரு வரியா கட்டளைய டைப் பண்ணணும், ஒரு புள்ளி விட்டாப் போச்சு. எங்க இருந்து எறக்கணும், எந்தப் பேக்கேஜ், பேக்கேஜ்னா புரோகிராமு இருக்கிற கட்டு, அதுக்கு ஒத்தாசையா வேற எந்தெந்தப் பேக்கேஜ், எல்லாம் என் நோட்டுல ஒம்போது வரியா எழுதி வச்சிருந்தேன். நோட்டையும் பென் டிரைவையும் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு மெஷினாப் போவேன். ஒரு மெஷினுக்கு முக்கா மணி நேரம். புது வெர்சன் வந்தா மறுபடியும் ஒரு சுத்து.

கஷ்டமான்னு கேக்குறீங்களா? சொர்க்கம்க்கா! ஆர்டர் ரூமுக்குப் போனா "வாங்க கனியக்கா"ன்னு நாற்காலியத் துடைச்சுப் போடுவாங்க. அது ஓடுற முக்கா மணி நேரமும் கதைதான். பைண்டிங்ல செல்வராணி அவ மருமகளப் பத்தி அழுவா. பிளேட் ரூம்ல வேலாயுதம் அண்ணன் இருக்காரே, அண்ணன்னா கூடப் பொறந்தவரு இல்ல, வயசுக்கு மரியாதையாக் கூப்பிடுறது, அவரு நான் வர்றேன்னாலே சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம் பிரிச்சு வச்சிருவாரு. "கனி, ஒன் கை பட்டாத்தான் இது மூச்சு விடுது"ம்பாரு. வீட்டுல யாரு இப்படிச் சொல்றா? எங்க வீட்டுக்காரரு டிவி ரிமோட்டக் கூட என் கையில தர மாட்டாரு.

அப்பத்தான் போன சித்திரையில அண்ணாச்சி எனக்கு ஒத்தாசைக்குன்னு ஒரு பிள்ளையக் கொண்டு வந்தாரு. பேரு ஹேமவர்ஷினி. ஒரு மூச்சுல சொல்ல முடியுதா பாருங்க. ஹேமான்னு ஆக்கிட்டாங்க. இருபத்திரெண்டு வயசு, திருமங்கலம். காதுல எந்நேரமும் ஒரு ஒயரு. நடக்கிறப்பக் கூட தலைய ஆட்டிக்கிட்டே நடக்கும். நல்ல பிள்ளைதான். நான் ஒன்னும் சொல்லல.

வந்த ரெண்டாவது வாரம். "அக்கா, குருவி புது வெர்சன் வந்திருக்கு, போட்டுறலாமா?"ன்னா. "போடலாம், ஆர்டர் ரூம்ல ஆரம்பிப்போம், எந்திரி"ன்னு நான் நோட்டை எடுத்துட்டேன். "எதுக்குக்கா நடக்கணும்?"னு என்னயப் பாத்தா. பாத்துட்டு, உக்காந்த எடத்துலயே அந்தக் கருப்புத் திரையில ஒரு வரி டைப் பண்ணா. ஒரே ஒரு வரி. என்டர் தட்டுனா.

யப்பா, பேரு பேரா ஓடுதுக்கா. ஆர்டர் ஒன்னு, ஓகே. ஆர்டர் ரெண்டு, ஓகே. பைண்டிங், ஓகே. பிளேட் ரூம், ஓகே. டீ வந்து நான் ஒரு வாய் குடிக்கல, இருபத்தாறும் முடிஞ்சு போச்சு. ஒருத்தருக்கும் தெரியாது, ஒருத்தரும் நாற்காலி போடல. "அவ்வளவுதான்க்கா, ஒரு லைன் வேலை"ன்னு மறுபடியும் காதுல ஒயர மாட்டிக்கிட்டா.

ஒரு லைன் வேலையாம். பதினெட்டு வருசம்!

பொறாமைன்னு நெனச்சிராதீங்க. எனக்கு ஏன் பொறாமை? சின்னப் பிள்ளை, படிச்சிட்டு வந்திருக்கு, தெரிஞ்சதச் செய்யுது. ஆனா பாருங்க, அன்னையிலருந்து யாரும் கனியக்கான்னு கூப்பிடல. குருவியிலயே மெசேஜ் போட்டுறாங்க, "ஹேமா, பிரிண்டர் வரல", "ஹேமா, பாஸ்வேர்ட் மறந்துட்டேன்." அவ உக்காந்த எடத்துலருந்தே சரி பண்ணிருவா. நான் கொண்டு வந்த குருவிக்கா அது! என் திரையில ஒன்னும் வராது. காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் வெறும் திரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். டீ கூட அவளுக்குக் குடுத்துட்டு எனக்கு வர்றப்ப ஆறிப்போயிருக்கும். இதெல்லாம் சொன்னா நம்ப மாட்டீங்க.

அண்ணாச்சி ஒரு நாள் ஆர்டர் குடுக்கிற பார்ட்டிக்காரங்களக் கூட்டிக்கிட்டு வந்து, "இங்க பாருங்க, எங்க பிள்ளை இருபத்தாறு மெஷினையும் ஒரே விரல்ல ஆட்டும்"ங்கிறாரு. நான் பக்கத்துச் சீட்டுல இருக்கேன். என்னய அறிமுகம் பண்ணணும்னு தோணலையே அவருக்கு? "இது சண்முகக்கனி, பழைய ஆளு"ன்னு கடைசியில சொன்னாரு. பழைய ஆளு. பழைய பேப்பர் மாதிரி.

அவ வேற, "அக்கா, இங்க உக்காருங்க, அந்த ஒரு லைன் எப்படின்னு சொல்லித் தர்றேன், ஈஸிதான்"னு நாலஞ்சு வாட்டி கூப்பிட்டா. எம்புட்டுக் கொழுப்பு இருக்கணும்? எனக்குச் சொல்லித் தர்றாளாம். "எனக்கு வேலை இருக்கு"ன்னுட்டேன். என்ன வேலை இருந்துச்சு? ஒன்னும் இல்ல.

விருதுநகர் வந்துருச்சா? இங்க அஞ்சு நிமிசம் போடுவான். தண்ணி இருக்கா? ஒரு மடக்கு குடுங்க. ம்.

இப்பச் சொல்லப் போறத யார்கிட்டயும் சொன்னதில்ல. ஆவணி மாசம், ஒரு மத்தியானம். வேலாயுதம் அண்ணன் சாப்பிடப் போயிருந்தாரு. பிளேட் ரூம்ல யாரும் இல்ல. நான் போயி அந்த மெஷின்ல கருப்புத் திரையத் தொறந்தேன். இந்த லினக்ஸுல ஒரு கட்டளை இருக்கு. "இந்தப் பேக்கேஜ யாரும் தொடக்கூடாது, புதுசு வந்தாலும் வேண்டாம், இப்ப இருக்கிற மாதிரியே இருக்கட்டும்"னு மெஷினுக்குச் சொல்லி வைக்கலாம். ஹோல்டு பண்றதும்பாங்க. குருவிய ஹோல்டு பண்ணிட்டு வந்துட்டேன். அதுவும் ஒரு லைன்தான். எனக்கும் ஒரு லைன் தெரியும்.

ஏன்னா... என்னத்தச் சொல்ல. இருபத்தஞ்ச அவ வச்சுக்கட்டும். ஒரு மெஷினாச்சும் எனக்குன்னு இருக்கட்டுமேன்னுதான். இதுல என்ன தப்பு?

புரட்டாசியில அடுத்த வெர்சன் வந்துச்சு. அவ ஒரு லைன் தட்டுனா. இருபத்தஞ்சு மெஷின் புது குருவிக்கு மாறிருச்சு, பிளேட் ரூம் மட்டும் பழசுலயே நின்னுச்சு. பழசுக்கும் புதுசுக்கும் ஒத்துப் போகல, ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி பிளேட் ரூம்ல குருவி அந்து போயிரும். அந்தா, நான் எதிர்பாத்த மாதிரியே வேலாயுதம் அண்ணன் கூப்பிடுறாரு, "கனி, இங்க ஒரு எட்டு வாம்மா!" போவேன். நிப்பாட்டி மறுபடியும் ஓட விடுவேன். சேவு, டீ, ஊர்க்கதை. "ஹேமாவப் பாக்கச் சொல்லவா?"ன்னு ஒரு நாள் கேட்டாரு. "வேண்டாம்ண்ணே, இது பழைய மெஷினு, என் கைக்குத்தான் கட்டுப்படும்"னேன். பொய்தான். ஆனா அந்த மூணு வாரம் நான் எம்புட்டுச் சந்தோசமா இருந்தேன் தெரியுமா? வீட்டுல கொழம்பு கூட நல்லா வச்சேன்.

அப்புறம் ஐப்பசியில அவ பொறந்தநாள் வந்துச்சு.

பதினெட்டு வருசத்துல என் பொறந்தநாளு யாருக்காச்சும் தெரியுமா? ஆர்டர் ரூம்ல கேக்கு, பலூனு, பைண்டிங்ல இருந்து செல்வராணி கூட வந்து நிக்கிறா, என்கிட்ட மருமகளப் பத்தி அழுதவ. அண்ணாச்சி கைதட்டுறாரு. "இந்தப் பிள்ளை வந்த பெறகுதான் நம்ம கம்பெனியில வேலை சுளுவா நடக்குது"ங்கிறாரு. ஹேமா மொதத் துண்டு கேக்கை எடுத்துக்கிட்டு நேரா என்கிட்ட வர்றா. எல்லாரும் பாக்கட்டும்னுதான வந்தா? "எனக்குத் தலைவலி"ன்னுட்டு பையத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். சரிக்கா, பொறாமைதான். வயிறு எரிஞ்சுச்சு. போற வழி பூரா எரிஞ்சுச்சு.

அன்னைக்கு மத்தியானம் மாடியில புரூப் பாக்கிற சாரு ஒரு தப்பக் கண்டுபிடிச்சிருக்காரு. வைகாசி மாசத்துல ஒரு முகூர்த்த நாளு மாறி விழுந்திருக்கு. ஞாயித்துக்கிழமை போட வேண்டியத வெள்ளிக்கிழமையில போட்டுட்டாங்க. "பிளேட் போடாதீங்க, திருத்தி அனுப்புறேன்"னு பிளேட் ரூமுக்குக் குருவியில மெசேஜ் போட்டாரு. பாத்தேன்னு பதில் வரல. சாப்பிடப் போயிருப்பாரு, வந்து பாப்பாருன்னு நெனச்சுக்கிட்டு, திருத்துனதையும் அதுலயே அனுப்பிட்டு அடுத்த வேலையப் பாக்கப் போயிட்டாரு. அங்க குருவி அந்து கெடக்கு. வேலாயுதம் அண்ணன் எனக்கு மூணு வாட்டி போன் பண்ணாரு. போன் என் பக்கத்துலதான் இருந்துச்சு. அவரு பேரு திரையில வருது, நான் பாத்துக்கிட்டே இருந்தேன். எடுக்கல. அங்கதான் ஒரே விரல்ல ஆட்டுற பிள்ளை இருக்குல்ல, அதக் கூப்பிடட்டும்னு இருந்தேன். அவரு கூப்பிடல. என் கைக்குத்தான் கட்டுப்படும்னு நான் சொன்னத நம்புனாரு. பிளேட்டப் போட்டுட்டாரு.

மூணாம் நாளு கண்டுபிடிச்சாங்க, பைண்டிங்ல கம்பி தச்சு முடிச்சப் பெறகு. செல்வராணியும் இன்னும் எட்டுப் பேரும் வெரலு தேய உக்காந்து, தச்ச கம்பியப் பிரிச்சு, அந்தத் தாளுகள மட்டும் உருவி, புதுத்தாள் வச்சு மறுபடியும் தச்சாங்க. அத்தன ஆயிரம் காலண்டரையும். ஒரு நானூறு மட்டும் அதுக்குள்ள மதுரைக்கு லாரி ஏறிப் போயிருச்சு. போன் பண்ணிச் சொல்றதுக்குள்ள அங்க கடைக்காரரு தீவாளிக்கு வந்த வாடிக்கைக்காரங்களுக்கு எடுத்துக் குடுத்துட்டாரு.

அண்ணாச்சி பிளேட் ரூமுக்கே வந்துட்டாரு. கோவத்துல கத்தல, அதான் பயமா இருந்துச்சு. "இந்த மெஷினுக்கு மட்டும் ஏன் மெசேஜ் வரல? பாரும்மா"ன்னு ஹேமாவ உக்கார வச்சாரு. நான் அவளுக்குப் பின்னாடி நிக்கிறேன். வேலாயுதம் அண்ணன் கதவோரம். அவ கருப்புத் திரையத் தொறந்தா. ரெண்டே நிமிசம், ஹோல்டு இருக்கிறதப் பிடிச்சிட்டா. அப்புறம் இன்னொரு வரி டைப் பண்ணா. எனக்குத் தெரியாதுக்கா, மெஷின் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கும்னு. யாரு, என்னைக்கு, எத்தன மணிக்கு, என்ன கட்டளை போட்டாங்கன்னு வரிவரியா வந்து நிக்குது. ஆவணி மாசத்துத் தேதி. மத்தியானம் ஒன்னு இருபது. என் பேரு.

அவ விரலு அப்படியே நின்னுச்சு. திரும்பிப் பாக்கல. பின்னாடி நான் மூச்சு விடுறது அவளுக்குக் கேட்டிருக்கும். ஒரு வார்த்தை டைப் பண்ணா, திரை பூராத் தொடச்ச மாதிரி சுத்தமாயிருச்சு. எந்திரிச்சு நின்னா.

"தப்பு என்னுதுதான் அண்ணாச்சி. போன வாட்டி புதுசு போட்டப்ப இருபத்தஞ்சுதான் ஓகே வந்துச்சு. ஒன்னு வரல. நான் பாத்தேன். நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்"ன்னா.

"கனிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"ன்னாரு அண்ணாச்சி.

"சொல்லியிருக்கணும்"னா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா, சொல்லியிருக்கலாம்"னேன். என் வாயாலதான் சொன்னேன்.

ஆனா இங்கதான் நீங்க ஒன்னக் கவனிக்கணும். அவ சொன்னதுல பொய்யில்லையே? அவ பாத்துட்டு விட்டது நெசந்தான? பாதித் தப்பு அவளுதுதான? அப்படித்தான் நான் மனசத் தேத்திக்கிட்டேன். அதுலயும் பாருங்க, வெளிய வந்து அண்ணாச்சி வேலாயுதம் அண்ணன்கிட்டச் சொல்றாரு, "தப்ப ஒத்துக்கிறதுக்கும் ஒரு மனசு வேணும்ப்பா." கேட்டீங்களா? அதுலயும் அவதான் பேரு வாங்கிட்டா! தப்பு பண்ணேன்னு சொல்லியே நல்ல பேரு வாங்குறவள நான் எங்க போய் ஜெயிக்கிறது?

மெச்சுனாரே தவிர, மறுநாளே "எல்லா மெஷினையும் கனி கையில குடுத்துரும்மா"ன்னுட்டாரு. கார்த்திகையில வேலைய விட்டுட்டா. கல்யாணம் வச்சிருக்காங்கன்னு சொன்னா. கல்யாணம் தையிலதான், கார்த்திகையிலயே எதுக்குப் போகணும்? நான் கேக்கல.

போறப்ப ஒரு நோட்டு குடுத்துட்டுப் போனா. "அக்கா, எல்லா லைனும் இதுல இருக்கு"ன்னு. முத்து முத்தா கையெழுத்து, அதுவும் ஒரு எரிச்சல் எனக்கு. குருவிய எப்படிப் போடுறது, எப்படி எடுக்கிறது, இருபத்தாறுக்கும் சேத்து எப்படிப் புதுசாக்குறது, ஒவ்வொன்னுக்கும் கீழ தமிழ்ல வெளக்கம். கடைசிப் பக்கத்துல, எந்த மெஷின்லயாவது பேக்கேஜ் ஹோல்டுல இருந்தா அத எப்படி எடுத்து விடுறதுன்னு ஒரு லைன். அதுக்கு மட்டும் வெளக்கம் எழுதல. "இது ஒங்களுக்கே தெரியும்க்கா"ன்னு எழுதியிருந்தா.

அம்புட்டுத்தான். வேற ஒரு வார்த்தை இல்ல. திட்டியிருந்தாக் கூடப் பரவால்ல. நானும் நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருப்பேன்.

இப்ப நான்தான் சிஸ்டம் மேடம். மார்கழியில புது வெர்சன் வந்துச்சு. அவ நோட்டப் பாத்து, உக்காந்த எடத்துலயே ஒரு லைன் தட்டுனேன். இருபத்தாறும் ஓகே வந்துச்சு. டீ ஆறல. ஒருத்தரும் கூப்பிடல, எதுவும் கெட்டுப் போனாத்தான கூப்பிடுவாங்க? ஒரு நாளு நானாவே பிளேட் ரூமுக்குப் போயி "என்னண்ணே, நல்லா ஓடுதா?"ன்னேன். "ஓடுது"ன்னாரு. சேவு பிரிக்கல. நான் திரும்புறப்ப, "அன்னைக்கு மூணு வாட்டி போன் பண்ணேன் கனி"ன்னு மட்டும் சொன்னாரு. நான் வந்துட்டேன்.

போன வாரம் ஹேமாவே போன் பண்ணா. "நீங்க கண்டிப்பா வரணும்க்கா"ன்னா. கம்பெனியில எல்லாரும் வேன் பிடிச்சு மத்தியானமே போயிட்டாங்க. என்னயும்தான் கூப்பிட்டாங்க. வேன்ல ஏறுனா ஒன்னரை மணி நேரமும் அவ பெருமையத்தான் பேசிக்கிட்டு வருவாங்க, அத எவ உக்காந்து கேக்குறது? அதான் பஸ்ஸு.

அண்ணாச்சி அங்கதான் இருப்பாரு. அவர்கிட்டச் சொல்லிறணும்னு மூணு மாசமா நெனைக்கிறேன். வாய் வரைக்கும் வருது, நின்னுருது. வேலை போயிரும்னு பயமான்னு நெனைக்கிறீங்களா? அது இருக்கு, இல்லங்கல. ஆனா அதவிட ஒன்னு இருக்கு. நான் சொன்னா என்ன ஆகும்? "பாத்தியா, தெரிஞ்சும் அந்தப் பிள்ளை காட்டிக் குடுக்காம இருந்திருக்கு"ம்பாரு. அதுக்கும் அவளுக்குத்தான நல்ல பேரு? மாலையும் கழுத்துமா மேடையில நிக்கிறவளுக்கு, நான் என் வேலையையும் குடுத்துட்டுப் பேரும் வாங்கிக் குடுக்கணுமா? நீங்களே சொல்லுங்க.

சன்னலப் பாக்குறீங்க. கள்ளிக்குடி தாண்டிருச்சு, அடுத்து எனக்கு எறங்கணும்.

சரி, கேக்க வேண்டியதக் கேட்டுர்றேன். ஒங்க மகளுக்கு வைகாசி ஒம்போதுன்னு நாளு குறிச்சீங்களே, அய்யர்கிட்டப் பாத்தீங்களா, இல்ல காலண்டரப் பாத்தே முடிச்சீங்களா? காலண்டர்தானா. மாப்பிள்ளை வீட்டுல ரெண்டு மூணு நாளு சொன்னாங்க, நீங்க செவுத்துல கெடக்கிறதப் பாத்து, முகூர்த்தம்னு போட்டிருக்குன்னு வெள்ளிக்கிழமைய எடுத்துக்கிட்டீங்க. எந்தக் கடைக் காலண்டர்க்கா? மதுரையில பாத்திரக்கடையா? மேல மயிலோட முருகன் படமா, பச்சைப் பார்டர் போட்டது?

அத நம்பாதீங்கக்கா. அந்த நானூறுல ஒன்னு அது. அந்த வெள்ளிக்கிழமை முகூர்த்தமே இல்ல, அஷ்டமி. ரெண்டு நாளு தள்ளி, பதினொன்னு, ஞாயித்துக்கிழமைதான் நல்ல நாளு. நாளைக்குப் பத்திரிகைக்குத் தேதி சொல்றப்ப மாத்திச் சொல்லுங்க. மண்டபமும் நாளைக்குத்தான் பேசப் போறீங்களா, நல்லதாப் போச்சு. வேற காலண்டர் நாலு எடுத்துப் பாத்துக்கங்க, நான் சொல்றதையும் நம்ப வேண்டாம். போன்ல நீங்க அந்தத் தேதியச் சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதான் சீட்டு பின்னாடி காலியா இருந்தும் ஒங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். உக்காந்த ஒடனே சொல்லியிருக்கணும். இம்புட்டு நேரம் பிடிச்சுப் போச்சு.

என்ன? யாரு பண்ண தப்பு இது, அந்தப் பிள்ளையான்னு கேக்குறீங்களா? இம்புட்டு நேரம் நான் சொன்னதுல ஒங்களுக்கு அப்படியா தோணுச்சு?

இல்லக்கா. அவ இல்ல. நான்தான் பண்ணேன்.

வாய்விட்டுச் சொல்லிட்டேன் பாத்தீங்களா. மொத மொத ஒங்ககிட்டத்தான் சொல்லியிருக்கேன்.

திருமங்கலம் வந்துருச்சு. வழி விடுங்க, பையப் பாத்து, கடிகாரம் ஒடைஞ்சிரும். அண்ணாச்சி எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மண்டபத்து வாசல்ல நின்னு பேசிக்கிட்டிருப்பாரு. அங்கயே, நிக்க வச்சே சொல்லிறணும். உள்ள போயி அவ சிரிச்ச மொகத்தப் பாத்துட்டேன்னா எனக்கு மறுபடியும் வயிறு எரிய ஆரம்பிச்சிரும்.